அவில் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள்
'ஒவ்வாமை வந்தால் முதலில் ஒரு அவில் போட்டுப் பார்க்கலாம், குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்' என்று உணவு ஒவ்வாமை பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். அவில், செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் எல்லாம் அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும், அதற்கே அரைமணி நேரம் ஆகும். தொண்டை வீங்குவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது. வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிட்ட சிறிது நேரத்தில் குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தலைசுற்றி விழுந்தால் உடனே வேண்டியது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில், எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி., பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி.; தேறாவிட்டால் 5 நிமிடம் கழித்து இன்னொன்று. 1 மி.லி. ஆம்ப்யூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) 1 மி.கி. இருப்பதால் 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி. மருந்து அளவோடு தயாராக வரும் அட்ரினலின் பேனா ஊசி நம்மூர் மருந்துக்கடையில் லேசில் கிடைக்காது. அதனால் ஆபத்துள்ள குழந்தையின் பெற்றோர் ஆம்ப்யூல் மருந்தை மருத்துவரிடமே எழுதி வாங்கி, போடும் முறையையும் அவரிடமே பழகிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி தூரமாக உள்ள வால்பாறை, பர்கூர் மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். 108 வரும்வரை படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். எழுப்பி நடக்கவைக்கக் கூடாது, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகவும் கூடாது. அழுத்தம் சட்டென்று விழுந்து இதயமே நின்றுவிடலாம். மேலே கருத்து எழுதிய ஒருவர் 'கடலை எண்ணெய்ப் பலகாரம் ஒன்றும் செய்யாது' என்கிறார். ரீஃபைன்டு எண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும், சரி. ஆனால் இங்கே ஊருக்கு ஊர் செக்கில் ஆட்டி வாங்கும் எண்ணெயில் அது மிச்சம் இருக்கும், கடலை ஒவ்வாதவருக்கு அது ஆகாது. கல்யாணப் பந்தியில் உட்காருமுன் சமையல்காரரிடம் எந்த எண்ணெய், சட்னியில் வேர்க்கடலை போட்டிருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.