அந்த 21ஆவது ஆள் யாரப்பா?

உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. கணக்குக்குப் பயந்து உளவியலில் வந்து ஒளிந்த பிள்ளைகள் பாதிப் பேர். அவர்களை இழுத்துப்பிடித்து, 'அச்சில் வந்த எண்ணையும் ஒருதரம் போட்டுப் பார்' என்று பழக்குகிறேன். அவர்கள் போட்டுப் பார்த்துவிட்டால்தான் வினையே.

போன பருவத்தில் ஜர்னலில் அச்சான ஓர் ஆய்வுப் பேப்பரைக் கொடுத்தேன். 20 பேரிடம் ஒரே கேள்வி, 1 முதல் 7 வரை முழு எண்ணில் பதில். சராசரி 3.48 என்று போட்டிருந்தது. (ஆளைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று எண்களை மாற்றியிருக்கிறேன்; தப்பு அதே தப்புதான்.) பின் வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். "சார், நான்தான் தப்பா போட்டேனோ? எப்படிப் போட்டாலும் 3.48 வர மாட்டேங்குது."

எப்படி வரும்? முழு எண்களைக் கூட்டினால் முழு எண். அதை 20ஆல் வகுத்தால் 3.45 வரும், 3.50 வரும். 3.48 வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 69.6 ஆக வேண்டும். யாரோ ஒருத்தர் கேள்விக்கு முக்கால் பதில் சொன்னாரா?

ஒருவேளை சிலர் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று 19, 18, 17, 16 வரை இறங்கிப் பார்த்தோம். ம்ஹூம். ஏறிப் பார்த்தால், 73ஐ 21ஆல் வகுக்க 3.476, சுருக்கினால் 3.48. சரியாக உட்காருகிறது! ஆனால் பேப்பர் முழுக்க 20 பேர்தான். அந்த 21ஆவது ஆள் யார், எங்கே போனார், ஏன் போனார்? அவரைக் கழற்றிவிட்ட பிறகுதான் பி மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 'முடிவு தேறியது' என்று சொல்லவைக்கும் 0.05க்குக் கீழே இறங்கியதோ என்று நான் கேட்டால் எனக்குக் கெட்ட புத்தி.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இலேயே இதற்கு கிரிம் டெஸ்ட் என்று பேர்வைத்துச் சொல்லிவிட்டார்கள். வகுத்தல் தெரிந்தால் போதும். அச்சுக்குப் போகுமுன் பேப்பரை ரிவியூ செய்த பெரியவர்களுக்கு அது தெரியாதா, நேரமில்லையா? அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், ஸ்டாட்செக் என்ற நிரலை ஆயிரக்கணக்கான உளவியல் பேப்பர்கள் மேல் ஓட்டினார்கள். சுமார் பாதிப் பேப்பர்களில் ஒரு பி மதிப்பாவது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் எண்களோடு ஒத்துப்போகவில்லை. எட்டில் ஒன்றில், முடிவையே மாற்றக்கூடிய பிழை. என் மாணவன் தேர்வில் இப்படி எழுதினால் மார்க்கைப் பிடுங்குகிறேன். இவர்களுக்குப் பதவி உயர்வு.

சரி, டேட்டாவைக் கேட்போம் என்று அந்த 3.48 பேப்பரை எழுதியவருக்கு மெயில் போட்டேன். பேப்பரிலேயே 'கேட்டால் தரப்படும்' என்று ஒரு வரி இருக்கிறதே! மூன்று வாரம் சத்தமில்லை. இரண்டாவது மெயிலுக்குப் பதில் வந்தது: பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதாம். எத்தனை பேருடைய கம்ப்யூட்டர்தான் கெடும்? 2006இல் விகர்ட்ஸ் என்ற நெதர்லாந்து உளவியலாளரின் குழு 141 உளவியல் பேப்பர்களுக்கு டேட்டா கேட்டு அலைந்தது. 73 சதவீதம் பேர் கடைசிவரை கொடுக்கவில்லை. இத்தனைக்கும் கேட்டால் கொடுப்போம் என்று கையெழுத்துப் போட்டு வெளியிட்டவர்கள்!

ஜர்னல் ஆசிரியருக்கு எழுதினேன். 'ஆய்வாளருக்கு அனுப்பியிருக்கிறோம்' என்றார். யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே!

இதையெல்லாம் தாண்டி என்னை எரியவிட்டது சக ஆசிரியர் ஒருவர் சொன்னதுதான். "ஏன் சார் அடுத்தவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க? பசங்க மனசுல சந்தேகத்தை வெதைக்காதீங்க." 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது 36 சதவீதத்தில்தான் பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கியது, முதலில் செய்தபோது 97 சதவீதம்! இந்தத் துறையில் சந்தேகத்தை விதைக்க நான் ஒருத்தன் வேண்டுமா?

அந்தப் பெண் இன்னும் வராண்டாவில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள், "சார், அந்த 21ஆவது ஆள் கெடைச்சாரா?" இன்று காலை மூன்றாவது மெயில் போட்டேன். உடனே பதில் வந்தது. விடுப்பில் இருக்கிறாராம், தானியங்கி சொல்கிறது.