அந்தச் சிவப்பு வாயில் படம் ஹிரோஷிகே வரைந்ததல்ல

பனி கொட்டும் சிவப்புக் கோயில் வாயில், குடையைச் சாய்த்துப் பிடித்து நடக்கும் பெண். இந்த மரச்செதுக்கு அச்சுப் படத்தை 1850களில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே வரைந்ததாக உங்கள் பதிவில் பகிர்ந்திருக்கிறீர்கள். படம் அருமை. ஆனால் வரைந்தவர் கவாசே ஹசுய் என்ற இன்னொரு ஜப்பானிய ஓவியர். தோக்கியோவின் ஸோஜோஜி கோயிலை 1925இல் வரைந்தார், ‘தோக்கியோவின் இருபது காட்சிகள்’ வரிசைக்காக. ஹிரோஷிகே 1858இலேயே காலமாகிவிட்டார்.

குழப்பம் இயல்பானதுதான். ஹிரோஷிகேவும் 1856இல் அசகுசா கோயிலைப் பனியில் வரைந்திருக்கிறார். அதில் மேலே பாதி வெட்டுப்பட்ட பெரிய சிவப்பு விளக்குக்கூடு முன்னால் தொங்கும். நீங்கள் பகிர்ந்ததில் விளக்கே இல்லை. பனி அப்பிய பைன் மரம்தான் முன்னால் நிற்கிறது. காற்றுக்கு எதிராகக் குடையை அந்தப் பெண் தாழ்த்தியிருக்கும் விதத்தைப் பாருங்கள், அது ஹசுய்க்கே உரியது.

நீங்களே சரிபார்க்கலாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் ஹசுய், ஸோஜோஜி என்று ஆங்கில எழுத்தில் தேடி, வரும் படத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படத்திலுள்ள கையெழுத்தைப் பெரிதாக்கி, ஜப்பானிய எழுத்து தெரிந்தவரிடம் காட்டினாலும் போதும். முடிந்தால் பதிவில் பெயரை மாற்றிவிடுங்கள். ஹசுய்க்குச் சேர வேண்டிய பெயர் அது.