நீல டிக்கும் வான்கதவுச் செய்தியும்

'எக்ஸில் நீல டிக் உள்ள கணக்குத்தான் சொல்லுது, மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தாச்சு' என்று ஒருவர் போட்டிருக்கிறார். குளத்தின் மிகைநீரை வெளியேற்றும் கதவுதான் வான்கதவு. டிக்கை நம்பிப் பகிராதீர்கள்.

இலோன் மஸ்க் 2022 ஒக்டோபரில், இப்போது எக்ஸ் எனப்படும் டுவிட்டரை 4,400 கோடி டொலருக்கு வாங்கினார். ஆளைச் சரிபார்த்துக் கொடுத்திருந்த பழைய டிக்குகள் 2023 ஏப்ரலில் பறிபோயின. இப்போது நீலம் பெரும்பாலும் மாதச் சந்தாவுக்கான பற்றுச்சீட்டு. கேடு என்னவென்றால், சந்தா கட்டியவரின் பதில்தான் மேலே வரும், போதிய பார்வை சேர்ந்தால் வருமானமும் உண்டு. பரபரப்புக்கு வேறென்ன வேண்டும்!

அரச அமைப்புக்குச் சாம்பல் டிக், நிறுவனத்துக்குத் தங்க நிறம். படத்தின் திகதியையும் பாருங்கள், பழைய வெள்ளப் படங்கள் மாரிக்கு மாரி திரும்பி வரும். வான்கதவு பற்றி நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லவேண்டும். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.