பத்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

துளி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன ஜாதி நாய்?" கலப்பினம், காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம் என்றால் சிலருக்கு முகமே மாறிவிடுகிறது. "குணம் எப்படி இருக்குமோ" என்று இழுக்கிறார்கள்.

இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் 18,000க்கும் அதிகமான நாய்களைப் பற்றிய ஆய்வு வந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்கிறது அது. அதனால் ஜாதியை விடுங்கள். இதுவரை எப்படி வளர்ந்தது, எதைக் கண்டால் பயப்படுகிறது என்று காப்பகத்தில் கேளுங்கள்.

நாங்கள் அதைக் கேட்காமல் விட்டோம். வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தட்டை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு, நடுராத்திரியில் தட்டு தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். மூன்றாம் நாள் நான் துடைப்பத்தை எடுத்ததும் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். அன்றைக்கு நான் பெருக்கவே இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் பலர் "எங்களோடு ஒட்டவே மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. காப்பகங்களில் ஒரு கணக்கு சொல்வார்கள்: பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டின் வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. துளிக்கு ஐந்து மாதம் பிடித்தது.

சின்ன நாய் என்பதால் வருகிறவர் போகிறவர் எல்லாம் சட்டென்று தூக்கிவிடுகிறார்கள். அது உறுமினால் நாம் அதட்டுகிறோம். உறுமல்தான் அதன் எச்சரிக்கை. அதை அதட்டி நிறுத்தினால், அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடித்துவிடலாம். தூக்கியவரிடம் கீழே விடச் சொல்லுங்கள்.

அப்புறம், வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை எல்லாம் அவர் சொல்லுவார். துளி ஓடும்போது நடுநடுவே ஒரு பின்னங்காலைத் தூக்கி நொண்டியடிப்பாள். விளையாட்டு என்று ரசித்துக்கொண்டிருந்தோம். மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, முழங்கால் சில்லு நழுவுகிறது என்றார். சின்ன நாய்களுக்கு அடிக்கடி வருவதாம். எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம், சோபாவிலிருந்து குதிக்க விடுவதில்லை. இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், நான் பெருக்கிக்கொண்டிருக்கும்போது கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். துடைப்பம் பக்கத்தில் வந்தது. ஒரு காது மட்டும் அசைந்தது, எழுந்திருக்கவில்லை. அவளைச் சுற்றிப் பெருக்கிவிட்டு வந்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் வெளியே வராத நாயோடு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், சரி, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். கையை நீட்டி இழுக்காதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எந்த நேரமானாலும் எனக்கு எழுதுங்கள்.