இந்த வேரியபிள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது?

இணையத்தள நிரல் எழுதும் மொழியான பிஎச்பியில் குளோபல் வேரியபிள் (மதிப்பு வைக்கும் பெயர், நிரலில் எங்கிருந்தும் எடுக்கலாம்) வைப்பதே பாவம் என்று பாலிடெக்னிக் முடித்து வரும் தம்பிகள் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. பிஎச்பியில் எழுதிய, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸே இன்றுவரை டேட்டாபேஸ் இணைப்பைக் குளோபலில்தான் வைத்திருக்கிறது. என் கோபம் வேறு இடத்தில்: இன்குளூட் செய்த, அதாவது இன்னொரு கோப்புக்குள் இழுத்துச் சேர்த்த கோப்பு எந்த வேரியபிளை எடுத்துக்கொள்கிறது, எதை மாற்றிவிட்டுப் போகிறது என்று யாருக்குமே தெரியாமல் எழுதிவைப்பது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இணையத்தளம் கேட்டு வருபவர்கள் யார்? கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். கட்டிக் கொடுத்த பிள்ளை வேலை கிடைத்து ஷா ஆலமுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடும். தளம் மட்டும் இங்கேயே கிடக்கும். அடுத்து அதைத் தொடுபவருக்கு ஆதாரம் கோப்பில் இருக்கும் எழுத்து மட்டும்தான்.

அப்படி ஒரு கோயில் தளம் என்னிடம் வந்தது. திருவிழா உபயம் கட்டியவர்களுக்கு ரசீது போகிறது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "திரு. தொடர்புக்கு" என்று. ஒருவருக்கு இல்லை, எல்லா உபயகாரருக்கும். டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று செயலாளர் பயந்துபோனார். அதில் ஒரு கோளாறும் இல்லை. பக்கம் முதலில் $பெயர் என்பதில் உபயகாரரின் பெயரை எடுத்து வைக்கிறது. அடுத்த வரியில் ஹெடர் கோப்பை (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மேல்பகுதி) இன்குளூட் செய்கிறது. ஹெடருக்குள் மெனுவை வரிசையாகக் காட்ட ஒரு ஃபார்ஈச் (பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து ஓடும் சுற்று), அதிலும் $பெயர். முகப்பு, வரலாறு, பூசை நேரம், தொடர்புக்கு என்று ஓடி முடிந்த பிறகும் பிஎச்பி அந்த வேரியபிளை அழிக்காது. கடைசி மதிப்பு அப்படியே நிற்கும். இன்குளூட் செய்த வரியில் என்னென்ன வேரியபிள் இருக்கிறதோ, உள்ளே வரும் கோப்புக்கும் அதுவேதான். அதனால்தான் உபயகாரர் தொடர்புக்கு ஆனார். (பிஎச்பியில் தமிழிலேயே வேரியபிள் பெயர் வைக்கலாம், கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் போதும். நம் ஆட்கள் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.)

இதைவிடத் தலைவேதனை கொடுப்பது ஃபங்ஷனுக்குள் (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு) இன்குளூட் செய்வது. டேட்டாபேஸ் இணைப்பை உண்டாக்கும் கோப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் ரிக்வயர்_ஒன்ஸ் (இதுவும் இன்குளூட் மாதிரிதான்) போட்டுக் கூப்பிட்டால், $இணைப்பு அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் சொந்தம். வேலை நடக்கும். இரண்டாவது ஃபங்ஷனிலும் அதே வரியை எழுதுவார்கள். ஆனால் ஒன்ஸ் என்றால் ஒரு முறைதான். பிஎச்பி அந்தக் கோப்பை மறுபடி ஓட்டாது. $இணைப்பு அங்கே இல்லவே இல்லை, பக்கம் பாதியில் நின்றுவிடும். வரி இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று என்பதால் எல்லோரும் ஹோஸ்டிங் கம்பெனியைத்தான் திட்டுவார்கள். ஒன்ஸை எடுத்துவிட்டால் ஓடும்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு. இணைப்பை ஒரே இடத்தில் உண்டாக்கி, வேண்டிய ஃபங்ஷனுக்கு அளவுருவாக, அதாவது கூப்பிடும்போதே உள்ளே அனுப்பும் மதிப்பாகக் கொடுப்பதுதான் சரி.

பழைய ஆட்களுக்கு பிஎச்பியில் இருந்த ரிஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற வசதி நினைவிருக்கும். முகவரியின் வாலில் அட்மின்=1 என்று தட்டினால் நிரலுக்குள் $அட்மின் தானாகப் பிறந்துவிடும். 2002இல் வந்த 4.2 பதிப்பில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டது, 2012இல் 5.4 வந்தபோது அடியோடு எடுத்துவிட்டார்கள். பழைய நிரல் ஓடவில்லையே என்று பலர் செய்த வைத்தியம், ஹெடரில் எக்ஸ்ட்ராக்ட் என்ற ஃபங்ஷனைப் போட்டு வெளியிலிருந்து வருவதையெல்லாம் மறுபடி வேரியபிளாக்கியது. அந்த ஒரு வரியை எங்கே கண்டாலும் முதலில் அதைத் தூக்குங்கள். முகவரியில் வரும் பக்கப் பெயரை அப்படியே இன்குளூட்டுக்குக் கொடுப்பதும் அதே ரகம். 5.2இலிருந்து வெளித்தளக் கோப்பை இழுப்பது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் உங்கள் சர்வரிலேயே இருக்கும் மற்றக் கோப்புகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. அனுமதிக்கும் பக்கங்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் இருந்தால் மட்டும் திறக்க வேண்டும்.

இப்போது நான் ஹெடரை ஒரு ஃபங்ஷனாகவே எழுதுகிறேன். தலைப்பும் மெனுவும் வேண்டுமென்றால் அவற்றை அளவுருவாகக் கேட்டு வாங்கட்டும். உள்ளே எந்தப் பெயரை வைத்தாலும் வெளியே கசியாது. ஃபங்ஷன் இருக்கும் கோப்பை எங்கிருந்து இன்குளூட் செய்தாலும் அந்த ஃபங்ஷன் எல்லா இடத்துக்கும் தெரியும், அதில் சிக்கல் இல்லை. அமைப்புக் கோப்பு (டேட்டாபேஸ் கடவுச்சொல் போன்றவை இருக்கும் கோப்பு) ஓர் அரேயை, அதாவது மதிப்புகளின் தொகுப்பை, ரிட்டர்ன் செய்யும், கூப்பிடுபவர் அதைத் தான் விரும்பும் பெயரில் பிடித்துக்கொள்வார். அப்புறம் அந்தக் கோப்பின் பெயருக்கு .பிஎச்பிக்குப் பதில் .ஐஎன்சி என்று வால் வைக்காதீர்கள். தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் சர்வர் அதை வெறும் எழுத்தாக பிரவுசருக்கு அனுப்பிவிடும், கடவுச்சொல்லோடு சேர்த்து.

ஹோஸ்டிங்கில் பிஎச்பி 8க்கு மாற்றியதும் "வார்னிங் வருகிறதே அண்ணே" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இல்லாத வேரியபிளைத் தொட்டால் முன்பு நோட்டீஸ் என்று மெதுவாகச் சொன்னது, 8.0இலிருந்து வார்னிங் என்கிறது, அவ்வளவுதான். பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் காட்டுவதை அணைத்துவிட்டு, லாக் கோப்பில் எழுத விடுங்கள். எந்த ஹெடர் எந்த வேரியபிளை நம்பிக்கொண்டிருந்தது என்று அந்த லாக் நிறையவே காட்டிக்கொடுக்கும். புரியாத வரி இருந்தால் எனக்கு அனுப்புங்கள், டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு.