வளிச்சீராக்கியைப் பற்றியும் பேச வேண்டும்

மட்டக்களப்பில் அமையும் நூதனசாலைக் கட்டடங்கள் சூழலுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்னும் கட்டுரையொன்றை வாசித்தேன், அது கூரைச் சூரிய மின்தகடுகளோடு நின்றுவிடுகிறது. இரவு பகலாக ஓடும் வளிச்சீராக்கியே மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குகிறது. காட்சிக்கூடக் காற்றின் ஈரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டி அசையாது நிற்க வேண்டும் என்ற பழைய விதியைத் தளர்த்திய, உலகின் பெரிய நூதனசாலைகளின் இயக்குநர்கள் கூடும் பிசோ குழுவின் பசுமை நெறிமுறை, பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதனையும் 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையையும் ஏற்கிறது. ஆனால், வாவி சூழ்ந்த நம் ஊரில் மார்கழி அடைமழையின்போது வெளிக்காற்றின் ஈரம் அந்த எல்லையைத் தாண்டியே நிற்கும் என்பதால், அதையும் அப்படியே இங்கு பொருத்த இயலாது. ஏட்டுச்சுவடிகளையும் மரச்சிற்பங்களையும் நன்கு அடைத்த சிறிய அறையொன்றில் வைத்து அங்கு மட்டும் ஈரநீக்கியை இயக்கிவிட்டு, கற்சிற்பங்களையும் மட்பாண்டங்களையும் அகன்ற தாழ்வாரமும் எதிரெதிர்ச் சாளரங்களும் கொண்ட கூடங்களில் இயற்கைக் காற்றோட்டத்திலேயே காட்சிப்படுத்தலாம். புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டைச் சுவர்கள் தம் தடிப்பாலேயே பகல் வெக்கையை மெதுவாக்குகின்றன. (கண்ணாடி முகப்பு வரைவோர் வெக்கையான கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒருமுறை அங்கு போய் நின்று பார்க்கலாம்.) கட்டுரை புகழும், இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்து 2008 இல் சான் பிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்ட கலிபோர்னியா அறிவியல் கழக நூதனசாலையின் செடிக்கூரை அழகானதுதான், எனினும், நமக்கு ஓட்டுக்கூரையும் அதன்கீழ் காற்று வெளியேறும் இடைவெளியும் செலவு குறைந்தவை, பழுதுபார்க்க உள்ளூர்க் கைகளும் உண்டு.