திரு.வி.க. என்றால் பஸ் நிலையம்

பி.எட். இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்காகப் போயிருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "திரு.வி.க. யார்?" என்று கேட்டேன். "பஸ் நிலையம், மிஸ்" என்றான் ஒருவன். "இல்லை மிஸ், எம்.எல்.ஏ. தொகுதி" என்று திருத்தினாள் முன்வரிசைப் பெண். எங்கள் வடசென்னையில் அவர் பெயரில் இரண்டும் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால் நானும் பஸ் நிலையம் என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனைக்கும் திரு.வி.க. தமிழறிஞர், பின்னி மில் தொழிலாளர்களுக்காக நின்றவர்; என் தாத்தா அதே மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில்லை மூடியபோது நான் கைக்குழந்தை. எனக்குத் தெரிந்த மில், பூட்டிய இரும்புக் கதவும் உள்ளே வளர்ந்து கிடந்த புதரும்தான். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

பி.ஏ. வரலாறு, எம்.ஏ. அரசியல் அறிவியல், இப்போது பி.எட். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் சொன்னால் ஒரு நிமிட மௌனம் கிடைக்கும். பிறகு யாராவது ஓர் அத்தை, "கணக்கு எடுத்திருந்தால் டியூஷனாவது நடத்தியிருக்கலாமே" என்பார். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடங்களே அப்படித்தான் நினைக்கின்றன. கணக்கு ஆசிரியர் லீவு என்றால் பதறுவார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் லீவு என்றால் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களை அனுப்பிவிட்டு, "வாசிக்கச் சொல்லுங்கள், போதும்" என்பார்கள். வாசித்தால் வந்துவிடும் பாடம் என்ற நம்பிக்கை.

என் சித்தி படித்த காலத்தில் பி.எட். ஒரே வருடம். 2015இலிருந்து இரண்டு வருடம். அது முடிந்தால் ஆசிரியர் தகுதித் தேர்வு: 150 கேள்விகள், அதில் சமூக அறிவியலுக்கு 60, பொதுப் பிரிவினர் தேற 90 வேண்டும். அதையும் தாண்டினால் அரசுப் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு. வேலை கிடைத்தபின் பட்டதாரி ஆசிரியராக ஆறு முதல் பத்து வரை வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நானே எடுக்க வேண்டும். பருவக்காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது என்பதை இப்போதும் கையை ஆட்டி ஆட்டித்தான் நினைவுபடுத்திக்கொள்கிறேன். நடத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பி.எட். படிப்பை முழுக்கக் கேலி செய்வதும் நியாயமில்லை. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. ஐந்தாறு நிமிடப் பாடம், கேட்பவர்கள் உடன் படிப்பவர்கள். முப்பது வயதுக்காரர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பாவனை செய்து, தெரிந்த பதிலைத் தெரியாததுபோல் யோசித்துச் சொல்வார்கள். 'பல்வகைத் தூண்டல் திறன்' என்ற தலைப்பில், நின்ற இடத்திலேயே நிற்காமல் நகர்ந்தோமா, குரலை ஏற்றி இறக்கினோமா என்பதற்கெல்லாம் மதிப்பெண். நாடகம்தான். ஆனாலும் கரும்பலகையைப் பார்த்துப் பேசும் என் பழக்கம் அங்கேதான் ஒழிந்தது. நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை வேறு. வரலாற்றை ஒரு பக்கமும் குடிமையியலை இன்னொரு பக்கமும் வைத்துப் பாடத்திட்டம், அதாவது ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்ற குறிப்பு, எழுதப் பழக்குகிறார்கள். வரலாறு என்றால் ஆண்டு, போர், உடன்படிக்கை. குடிமையியல் என்றால் சட்டப்பிரிவு எண், வயது வரம்பு, பதவிக்காலம். புத்தகத்தின் பின்பகுதியில் கிடக்கும் குடிமையியலைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு கேள்வி பதிலாக எழுதிப் போட்டு முடித்துவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். உரிமைகள் வானத்திலிருந்து விழுந்தவை என்று பிள்ளைகள் நினைக்காமல் வேறெப்படி நினைப்பார்கள்?

எனக்குக் கிடைத்தது மனித உரிமைகள் பாடம். அதில் சங்கம் அமைக்கும் உரிமை வருகிறது, அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு. எழுதிப் போட்டால் ஒரு வரி. நான் மணியிலிருந்து தொடங்கினேன். "மதியச் சாப்பாட்டுக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம்? வரிசையில் நின்று வாங்கி, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வர அது போதுமா?" வகுப்பே கொதித்துவிட்டது. போதாது என்பதில் அவ்வளவு ஒற்றுமை. பிறகு சொன்னேன்: நூறு வருடத்துக்கு முன்னால் இதே பெரம்பூரில், பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு மில்களின் தொழிலாளர்களும் இதைத்தான் சொன்னார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. அந்தக் குறையும் அதுபோன்ற பல குறைகளும் சேர்ந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். "ஓ, அந்த பஸ் நிலையம்!" என்றான் பையன்.

இங்கே நிறுத்தினால் அது வரலாறு. நான் நிறுத்தவில்லை. சங்கத்தின் மேல் மில் நிர்வாகம் வழக்குப் போட்டது. நஷ்ட ஈடு கேட்டது. பாரிமுனையில் நாம் பஸ் மாறும்போது தெரிகிறதே, அந்தச் சிவப்புக் கட்டட உயர் நீதிமன்றம் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை கொடுத்தது. தொழிலாளருக்காகப் பேசியவரே நஷ்ட ஈடு தர வேண்டும் என்றால் யார் பேச வருவார்கள்? அந்த அதிர்ச்சியில்தான் சட்டப் பாதுகாப்புக்கான கோரிக்கை வலுத்தது, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது, பிறகு அரசியலமைப்பில் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமையாக எழுதப்பட்டது. இப்போது சொல்லுங்கள், இது வரலாற்றுப் பாடமா, குடிமையியல் பாடமா? பாடத்திட்டக் குறிப்பேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. 1921க்கு வந்தபோதுதான் சிக்கினேன். அந்த ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, தொழிலாளர்களே சாதியின் பேரில் இரண்டாக உடைந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூடு. என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் புளியந்தோப்புப் பிள்ளைகள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்போது எங்கள் தெரு எந்தப் பக்கம், மிஸ்?"

கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும் கிளர்வினாத் திறனுக்கு நான் பத்துக்கு ஒன்பது வாங்கியவள். பிள்ளைகள் அதே திறனை நம்மிடம் காட்டினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. "நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று தப்பித்தேன். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வெளியே அழைத்து, "பத்தாம் வகுப்பில் வரவேண்டியதை ஒன்பதிலேயே எதற்கு எடுக்கிறீர்கள்? அதிலும் சாதிக் கலவரம் எதற்கு? ஏதாவது ஆகிவிட்டால்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. வகுப்பறையில் ஒரு சொல் தவறி விழுந்தால் மாலைக்குள் அது எந்த வீட்டு வாசலுக்குப் போகும் என்பது வடசென்னையில் வளர்ந்த எனக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பெண் கேட்டுவிட்டாள். வீட்டில் பாட்டியிடம் கேட்டேன், நம் குடும்பம் எந்தப் பக்கம் என்று. பாட்டி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், "உன் தாத்தாவின் அப்பா காலம். யார் போனார்கள், யார் போகவில்லை என்று எவரும் வாய் திறந்ததில்லை. அவரவர் வயிற்றுப்பாடு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணிடம் நேராகச் சொன்னேன். உன் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாது, என் கொள்ளுத் தாத்தாவைப் பற்றியே தெரியாது. பிறகு எல்லோரையும் கேட்டேன்: மாதக்கணக்கில் கூலி இல்லை, கையில் சேமிப்பும் இல்லை, கூட நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர் நேற்றுவரை உங்களைத் தன் தெருவுக்குள் விடாதவர். நீங்கள் என்ன செய்வீர்கள்? வேலைக்குப் போவேன் என்றார்கள் சிலர். போகமாட்டேன் என்றார்கள் சிலர். "முதலில் தெருவுக்குள் விடச் சொல்லுங்கள், பிறகு வருகிறேன்" என்றான் திரு.வி.க.வை பஸ் நிலையம் என்று சொன்ன அதே பையன். எம்.ஏ. வரை அரசியல் அறிவியல் படித்த நான் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை. மணி அடித்ததும் சாப்பாட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

பாடத்திட்ட ரெக்கார்டைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டு வகுப்புகளுக்கான பக்கங்களை மாற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன். இந்த இரண்டை இன்னும் மாற்றி எழுதவில்லை.